பட்டியிலிருந்து சட்டிக்கு

மனிதனுக்கும் மாட்டிறைச்சிக்கும் நடுவே ஆதிகாலந்தொட்டு நின்ற தடைகள் யாவும், கல்முனைக்குடியில் கடலைப் பார்த்துப் போகும் ஓர் ஒழுங்கையில், சென்ற ஆண்டு அடியோடு அகற்றப்பட்டன. இதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடக் கூடாது. சந்திரனில் கால் வைத்தவர்களும் திரும்பி வந்து கடையில்தான் இறைச்சி வாங்கினார்கள். கடையும் இல்லாமல், தராசும் இல்லாமல், இடையில் ஓர் ஈகூடப் புகாமல், மாட்டிலிருந்து மனிதனுக்கு நேராக இறைச்சி போய்ச் சேர்ந்த அற்புதம் இந்த ஒழுங்கையில்தான் நடந்தது.

இச்சாதனைக்குக் காரணமானவர் சமாதான நீதவான், சாமஸ்ரீ, சமூகச்சுடர் மிஹ்லார் ஹாஜியார் அவர்கள். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. மாட்டை வளர்த்தது மட்டும் றஹீமா.

றஹீமாவுக்கு மாடு வளர்க்கத் தெரியும், கூட்டம் நடத்தத் தெரியாது. விலா எலும்பு தெரிய வந்த ஒரு செவலைக் கன்றை, தன் வயல் பங்கில் கிடைத்த நெல்லைக் கொடுத்து வாங்கி, வளவின் மூலையில் கொட்டில் போட்டுக் கட்டினாள். ஒழுங்கைப் பெண்களோடு ஒரு பேச்சும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டிலும் அரிசி கழுவிய கழுநீரையும் மரக்கறித் தோலையும் வாளியில் சேர்த்துக் காலையில் செவலைக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். செவலை கொழுத்து அறுபடும் நாளில் வாளி கொண்டுவந்த வீடுகளுக்கே முதல் இறைச்சி, கடை விலையிலும் குறைவாக. வருகிற வரவில் அடுத்ததாக இரண்டு கன்றுகள். இவ்வளவுதான் திட்டம். எழுத்தில் எதுவும் இல்லாததால் அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

வைக்கோல் நற்பிட்டிமுனை அழகரெத்தினத்தின் வயலிலிருந்து வந்தது. அவர் மாட்டிறைச்சி தொடாதவர். ஆகவே தமக்குரிய பங்கைச் சாணமாக வாங்கிக்கொண்டு வயலுக்குப் போட்டார். இந்தக் கதை முழுவதிலும் தம் பங்கைக் குறைவில்லாமல் பெற்றுக்கொண்டவர் அவர் ஒருவரே.

வாளிக்காரிகளில் தவறாதவள் எதிர்வீட்டு றம்லா. அவளுடைய மகள் பஸ்மினாவுக்குக் கலியாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வரும்போது, ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் ஒவ்வொன்றிலும் இறைச்சி குவிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறை பேரப்பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் பேசப்படும்.

"நீ யோசிக்காதகா," என்று றஹீமா அவளிடம் சொல்லியிருந்தாள். "செவலைட தொடையிறைச்சி உன்ட சகனுக்குத்தான். இது என்ட வாக்கு."

நிலைமை இப்படிச் சீர்கெட்டுக் கிடந்தபோதுதான் ஒரு பின்னேரம் மிஹ்லார் ஹாஜியார் அந்த ஒழுங்கையால் நடந்து வந்தார். வைத்தியர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். வேலிக்கு மேலாகச் செவலையின் முதுகு பளபளத்ததைக் கண்டதும் நடை நின்றுவிட்டது.

"இதார்ர மாடு தங்கச்சி?"

"என்ட மாடு ஹாஜியார்."

"மசூர்ர இறைச்சிக் கடைக்கா குடுக்கப் போறீங்க?"

"இல்ல. கழுநீர் தாற ஊட்டுக்காரங்களுக்கு."

"அப்ப நடுவில தரகர் ஆருமில்ல?"

"நடுவில வாளிதான் இரிக்கி."

ஹாஜியாரின் கண் கலங்கியது. "தங்கச்சி, நீங்க என்ன செய்யிறீங்கெண்டு உங்களுக்கே விளங்கல்ல."

"மாட்டுக்குத் தண்ணி வெக்கிறன்."

"இல்ல. இது ஒரு கருத்திட்டம்!"

அதுவரை வெறும் மாடாக இருந்த செவலை அந்தக் கணம் முதல் கருத்திட்டமாயிற்று. அது அசை போடுவதை நிறுத்தவில்லை.

அந்தக் கிழமையே றஹீமாவின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்திறங்கின. 'நேரடி இறைச்சி நுகர்வோர் மேம்பாட்டு ஒன்றியம்' உதயமானது. 'பட்டியிலிருந்து சட்டிக்கு' என்ற மகுட வாசகம் பலத்த கரகோஷத்துக்கிடையே ஏற்றுக்கொள்ளப்பட்டது. தலைவர் மிஹ்லார் ஹாஜியார். தொழில்நுட்பப் பணிப்பாளர் பஹ்மி. அவர் தொலைபேசியில் மாடுகளைப் பற்றி நிறையப் பார்த்திருந்தார். ஊடகச் செயலாளர் றிஸ்கான். அவரிடம் கெமரா இருந்தது. உப தலைவர்கள், உதவி உப தலைவர்கள் என்று வந்திருந்த எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தது. கழுநீர் ஊற்றும் பெண்களுக்குப் பதவி வழங்க முடியவில்லை. கூட்டம் நடந்த வேளையில் அவர்கள் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் 'சமுகமளிக்கவில்லை' எனப் பதியப்பட்டது.

றஹீமாவின் கணவர் ஆதம்பாவா போசகராக்கப்பட்டார்.

"போசகரெண்டா என்ன செய்யணும்?" என்று அவர் பயத்தோடு கேட்டார்.

"ஒண்டும் செய்யத் தேவல்ல."

"அப்ப எனக்கு ஏலும்," என்றார் ஆதம்பாவா. அந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் அம்பாறைக் கரையோரத்திலேயே இல்லையென்பதை றஹீமாவும் ஒப்புக்கொள்வாள்.

முதலாவது தீர்மானம், இடைத்தரகர் ஒழிப்பு. சந்தையடியில் மூன்று தலைமுறையாக இறைச்சி வெட்டி வந்த மசூர், அவர் இல்லாத இடத்திலேயே ஏகமனதாக ஒழிக்கப்பட்டார். இரண்டாவது தீர்மானம், தேநீர். அதை றஹீமா நிறைவேற்றினாள்.

கதிரைகள் போன பிறகு அவள் கணவரைப் பிடித்தாள்.

"உங்களுக்குப் பதவி வந்திட்டு. என்ட மாட்டுக்கு என்ன வரப்போகுது?"

"ஹாஜியார் ஒரு போன் கோல் போட்டா அறுக்கிற பெர்மிட் எல்லாம் ஊடு தேடி வருமாம். நீ தனிய அலைஞ்சா எத்தின கந்தோருக்கு ஏறி இறங்கணும்?"

இதில் உண்மை இருந்தது. மாட்டு வைத்தியரின் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், மாடறுக்கும் இடமான மடுவத்தில் அறுக்க அனுமதி என்று அலைச்சல் கிடந்தது. றஹீமா யோசித்தாள். மறுநாள் ஹாஜியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கழுநீர் தந்த ஊடுகளுக்குத்தான் மொதல் இறைச்சி. நான் வாக்குக் குடுத்திரிக்கன்."

"அதில என்ன சந்தேகம்! பயனாளிகளுக்கு முன்னுரிமையெண்டு ஒன்றியத்துட சட்ட யாப்பிலேயே போட்டிரிக்கம்."

பயனாளி என்றால் யார் என்று றஹீமா கேட்டிருக்க வேண்டும். நல்ல மனசுக்காரி, கேட்கவில்லை.

அதன்பின் 'நிறைவுக் கொழுப்பூட்டல் கட்டம்' ஆரம்பமானது. அதாவது, முன்பு போலவே றஹீமா தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் குழைத்து வைத்தாள், பெண்கள் கழுநீர் ஊற்றினார்கள், செவலை கொழுத்தது. இதை மேற்பார்வை செய்ய ஒன்றியம் கள விஜயம் வந்தது. ஒவ்வொரு விஜயத்துக்கும் தேநீர், வாழைப்பழம், முட்டை ரோல். செவலையின் எடை மெதுவாகக் கூடியது. உப தலைவர்களின் எடை கண்ணுக்குத் தெரியக் கூடியது.

"ராத்தா, ஜப்பானில மாட்டுக்கு உடம்பு புடிச்சு உடுறாங்களாம்," என்றார் பஹ்மி தொலைபேசியைப் பார்த்தபடி. "அப்பதான் கொழுப்பு இறைச்சிக்குள்ள பூப்பூவா இறங்குமாம்."

"நல்லது தம்பி. வாங்க, புடிச்சு உடுங்க."

தொழில்நுட்பப் பணிப்பாளர் வெள்ளை சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு செவலையின் பின்புறமாக அணுகினார். செவலை தன் கருத்தை வாலால் தெரிவித்தது. வாலில் அன்று காலைச் சாணம் இருந்தது. அந்தப் பரிந்துரை மேலதிக ஆய்வுக்காக ஒத்திவைக்கப்பட்டது.

எல்லாம் கூடி வந்தபோது தேதி குறித்தார்கள். அழைப்பிதழ் அச்சடித்து வந்தது. அதில் பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள், சிறப்பு அதிதிகள் என்று பெயர்கள் நிறைந்திருந்தன. அடியில் இடம் மிஞ்சியிருந்தால் மாட்டின் பெயரையும் போட்டிருப்பார்கள். றஹீமா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கலண்டரைப் பார்த்தாள். அன்று பௌர்ணமி, பௌத்தர்களின் போயா விடுமுறை.

"ஹாஜியார், இது போயா நாளெல்லுவா?"

"ஓம்! அதாலதானே எல்லாப் பெரியாக்களுக்கும் லீவு. பிரதம அதிதி கொழும்பிலிருந்து வாறார்."

"போயாவுக்கு மாடு அறுக்க ஏலாதே. நாட்டில ஒரு இறைச்சிக் கடையும் துறக்காதே."

இந்த நாட்டில் பிறந்து, ஹஜ்ஜுக்கும் போய் வந்து, இறைச்சியை ஊருக்கு வழங்க ஓர் ஒன்றியமும் அமைத்த மனிதர், இறைச்சி வெட்டவே கூடாத நாளைத் திறப்பு விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். சின்னத் தலைவராக இருந்தால் தடுமாறியிருப்பார்.

"விழா வேற, அறுக்கிறது வேற," என்றார் ஹாஜியார். "போயாவுக்கு வழங்குறம், அடுத்த நாள் அறுக்கிறம்."

விழா சிறப்பாக நடந்தது. ஒழுங்கையின் வாயிலில் கட்டிய பதாகையில் ஹாஜியார் ஆளுயரத்துக்குச் சிரித்தார். மூலையில், முத்திரையளவில், செவலை இருந்தது. ஹாஜியாருக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். செவலைக்கும் அப்படியே செய்தார்கள். செவலை மட்டும் தன் மாலையைத் தின்றுவிட்டது. றஹீமாவும் றம்லாவும் மற்றப் பெண்களும் பின்வளவில் அதிதிகளுக்குச் சோறு சமைத்தார்கள். அவர்களுடைய பங்களிப்பு பின்புறத்திலிருந்து உறுதிசெய்யப்பட்டது.

பிறகு இறைச்சி வழங்கும் வைபவம். ஹாஜியாரின் படமும் மகுட வாசகமும் பொறித்த துணிப் பைகள் தயாராக இருந்தன. இறைச்சிதான் இன்னும் உயிரோடு நின்றது. ஊடகச் செயலாளர் றிஸ்கானுக்கு ஒரு யோசனை தோன்றியது. செவலையின் வைக்கோலை எடுத்துப் பைகளுக்குள் அடைத்தார். பைகள் கும்மென்று நின்றன.

பிரதம அதிதி பையை ஏந்தினார். கெமரா மின்னியது. பின்னால் நின்ற செவலை தலையை நீட்டி, பிரதம அதிதியின் பையிலிருந்து ஒரு வாய் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டது.

"மாடு இறைச்சியத் திங்குது!" என்றார் சிறப்பு அதிதி ஒருவர்.

"இது இயற்கை முறையில வளர்ந்த மாடு," என்று பஹ்மி விளக்கமளித்தார்.

அதன்பின் கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள், ஒன்றியத்தார், ஒன்றியத்தாரின் மச்சான்மார் எல்லோரும் பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சோறு தின்ற கை காய்வதற்குள் படங்கள் பேஸ்புக்கில் ஏறிவிட்டன. அன்றிரவு செவலைக்கு வைக்கோல் இருக்கவில்லை.

மறுநாள் அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒன்றியம் மடுவத்தில் கூடியபோது ஒரு சிறிய நிர்வாகச் சிக்கல் எழுந்தது. ஒன்றியத்தில் எவருக்கும் மாடு அறுக்கத் தெரியாது. ஒழிக்கப்பட்ட மசூரை அவசரமாகக் கூப்பிட்டு 'வளவாளர்' ஆக்கினார்கள். அவர் பிஸ்மி சொல்லி, முறைப்படி அறுத்து, உரித்து, துண்டாடி, றஹீமாவின் முற்றத்தில் பன்பாய் விரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டுக் கத்தியைத் துடைத்தார்.

"நல்லா வளத்திரிக்கீங்க ராத்தா," என்றார். "இப்பிடி இறைச்சி நான் வெட்டிக் கன நாள்."

றஹீமாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. செவலைக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் அதனோடு கலந்துதான் வந்தது. நாளை மறுநாள் றம்லா வீட்டுச் சாப்பாடு. தொடையை எடுத்து ஒரு பக்கம் வைக்கக் குனிந்தாள். அப்போது முதலாவது வாகனம் ஒழுங்கைக்குள் நுழைந்தது.

சாரதி இறங்கி வந்தார். கையில் நேற்றைய பை. உள்ளே வைக்கோல்.

"சேர் இத நிரப்பிட்டு வரச் சொன்னார்."

றஹீமா ஹாஜியாரைப் பார்த்தாள்.

"குடுக்கத்தான் வேணும் தங்கச்சி," என்றார் ஹாஜியார் கவலையோடு. "படம் பேஸ்புக்கில போயிட்டு. இப்ப இறைச்சி குடுக்கல்லெண்டா அந்தப் படம் பொய்யாப் போயிடும். நாம பொய் சொல்லலாமா?"

பொய் பாவம். பிரதம அதிதியின் பைக்குள் தொடை போனது. அதிதிகளிடம் விலை கேட்பது ஊர் மானத்துக்கு இழுக்கு என்பதால் எவரும் கேட்கவில்லை. அடுத்தடுத்து வாகனங்கள் வந்தன. பைகள் வந்தன. வந்த பை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருந்தது. படம் ஒவ்வொன்றையும் உண்மையாக்க வேண்டியிருந்தது.

"றம்லாட பங்கு, ஹாஜியார்?"

"இந்த ஒரு பைக்குப் பொறகு."

"மத்த ஊடுகள்?"

"பொறுங்க, இவங்க தூரத்திலிருந்து வந்திரிக்காங்க."

ஈரல் பஹ்மியின் பைக்குப் போனது. தலை ஊடகத்துறைக்கு. நெஞ்செலும்பு உப தலைவர்களுக்கிடையே சமமாகப் பகிரப்பட்டது. மற்றத் தொடையை ஹாஜியார் தாமே எடுத்துக்கொண்டார். அவர்தான் அதிகப் படங்களில் இருந்தார். வாளி கொண்டுவந்த ஒரு பெண்ணிடமும் படம் இருக்கவில்லை. படம் பிடிக்கும்போது அவர்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பன்பாயில் குளம்புகளும் கொம்புகளும் ஈக்களும் மிஞ்சின.

அந்த நேரம் பார்த்து றம்லா சட்டியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கை முழுவதும் சட்டிகள். றஹீமா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்தவர்களுக்கு வரவேண்டிய வெட்கம் வீடு தெரியாமல் இவளிடம் வந்து நின்றது.

ஆனால் ஒன்றியம் பயனாளிகளை மறந்துவிடவில்லை. ஹாஜியார் ஓர் உறையைத் திறந்து, ஒவ்வொருவரின் சட்டிக்குள்ளும் ஒரு பாராட்டுச் சான்றிதழை வைத்தார். 'கழுநீர்ப் பங்களிப்பாளர்' என்று தங்க எழுத்தில் போட்டு, லமினேட் செய்யப்பட்டிருந்தது.

றம்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத ஆணம் காய்ச்ச ஏலுமா ஹாஜியார்?"

"வரலாறு இறைச்சியவிடப் பெரிசு புள்ள. பாருங்க, லமினேட். தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகா."

"அப்ப அவியவும் மாட்டா," என்றாள் றம்லா. அவளுடைய குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

றஹீமா அன்று பின்னேரமே சந்தையடிக்குப் போனாள். கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த தவிட்டையும் புண்ணாக்கையும் மூட்டையாகக் கட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு கன்றுகளுக்கென்று சேர்த்து வைத்தது அது.

"மசூர் காக்கா, இத உங்கட மாடுகளுக்கு வெச்சிக்கங்க. நாளண்டைக்கு றம்லா ஊட்டுக்கு நல்ல தொடையிறைச்சி வேணும். நான் வாக்குக் குடுத்திட்டன்."

"என்னத்தான் ஒழிச்சிட்டாங்களே, ராத்தா," என்று மசூர் சிரித்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நான் கொண்டாந்து தாறன். நீங்க போங்க."

சொன்னபடி கொண்டுவந்தார். சகன் ஒவ்வொன்றிலும் இறைச்சி குவிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார். பஸ்மினாவின் மானம் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவர் இடைத்தரகர் என்பதால் ஒன்றியத்தின் அறிக்கையில் இச்சம்பவம் இடம்பெறவில்லை.

சாப்பாடு முடிந்து, கழுவிய சகன்களை வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் சுற்றி அமர்ந்தார்கள். வழக்கப்படி ஓரமாக வைத்திருந்த கழுநீர் வாளிகளை றம்லா பார்த்தாள்.

"இனி இத என்னகா செய்யிற? சும்மா ஊத்துறதா?"

"ஏன் ஊத்தணும்?" என்றாள் றஹீமா. "செவலைக்குச் சேத்த தண்ணி. செவலைக்குத்தான் குடுக்கணும்."

மறுநாள் காலை ஹாஜியாரின் வீட்டில் முக்கியமான கூட்டம். 'இரண்டாம் கட்ட விரிவாக்கம்' பற்றிப் பேச ஒன்றியத்தார் யாவரும் வந்திருந்தார்கள். மேசையில் இடியப்பமும் இறைச்சி ஆணமும் ஆவி பறந்தன. ஹாஜியார் நல்லதொரு துண்டை எடுத்து வாயில் வைத்தபோது வெளியே வாளிகள் முட்டும் சத்தம் கேட்டது.

கேற்றுக்கு வெளியே ஒழுங்கைப் பெண்கள் அனைவரும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு வாளி. கழுநீரில் வெண்டிக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும் மிதந்தன. வரிசையின் முதலில் றஹீமா.

"என்ன தங்கச்சி இது?" என்று ஹாஜியார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒன்றியம் எட்டிப் பார்த்தது. அண்டை அயலார் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"கழுநீர், ஹாஜியார். செவலைக்கு."

"செவலைதான் இல்லியே!"

"இல்லாம எங்க போற?" என்றாள் றஹீமா, மிகவும் மரியாதையாக. "ஒரு தொட உங்களுக்குள்ள இரிக்கி. ஈரல் பஹ்மித் தம்பிக்குள்ள. நெஞ்செலும்பு அந்தா உப தலைவர்மாருக்குள்ள. மாடு எங்க நிக்குதோ அங்கதானே தண்ணி வெக்கணும்?"

றம்லா தன் வாளியைத் தூக்கி, சிந்தாமல், ஹாஜியாரின் காலடியில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் அடுத்த வாளி. அதற்குப் பக்கத்தில் அடுத்தது. இடையில் தரகர் எவரும் இல்லை.

"குடிச்சிட்டு நல்லாக் கொழுங்க," என்றாள் றஹீமா. "நாளைக்கும் கொண்டாறம். எங்கட பங்க நாங்க இன்னும் எடுக்கல்ல, ஹாஜியார். அது உங்கட உடம்பிலதான் இரிக்கி."